சினைப்பை அகற்றிய பிறகு மனநலம்: ஆபரேஷனுக்கு முன்பிருந்தே தொடங்கும் ஒரு முழு வழிகாட்டி

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்துவிட்டது. பயாப்ஸி ரிப்போர்ட்டில் புற்றுநோய் இல்லை. தையலும் ஆறிவிட்டது. வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. ஆபரேஷன் செய்துகொண்டவர் மட்டும் நடுராத்திரியில் வியர்த்துக் கொட்டி எழுந்து உட்கார்கிறார். டம்ளரைக் கீழே போட்டதற்குப் பிள்ளையிடம் சீறுகிறார், பிறகு அதை நினைத்தே அழுகிறார். "பெரிய கண்டத்துலேர்ந்து தப்பிச்சாச்சு, இப்ப எதுக்கு அழற?" என்று கேட்பவர்கள் கெட்ட எண்ணத்தில் கேட்பதில்லை. ஆனால் அந்தக் கேள்விக்கு அவரிடமே பதில் இருப்பதில்லை.

சினைப்பைகளை எடுத்த பிறகு மனம் தடுமாறுவதற்கு மூன்று வேர்கள் உண்டு. ஹார்மோன் சட்டென்று நின்றுபோவது ஒன்று. தூக்கம் கெடுவது இன்னொன்று. இழப்பும் பயமும் சேர்ந்தது மூன்றாவது. வெளியே பார்த்தால் மூன்றும் ஒரே மாதிரி எரிச்சலாக, அழுகையாக, சோர்வாகத்தான் தெரியும். ஆனால் வைத்தியம் வேறு வேறு. ஹார்மோன் இல்லாமல் தவிப்பவரிடம் "மனசைத் தைரியமா வச்சுக்கோ" என்று சொல்வதால் ஒன்றும் ஆகப்போவதில்லை. அம்மாவைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துக்கம் ஆறாதவருக்கு ஹார்மோன் ஜெல்லை மட்டும் எழுதிக் கொடுத்தாலும் அப்படித்தான். எது எவ்வளவு என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்துகொண்டால் பாதி வழி வந்த மாதிரி.

படி 1: எதை எடுத்தார்கள், எதற்காக எடுத்தார்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள்

டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்துப் பாருங்கள். அதில் "பி.எஸ்.ஓ." என்று இருந்தால் இரண்டு பக்கத்துச் சினைப்பைகளையும் கருக்குழாய்களையும் எடுத்திருக்கிறார்கள். "டி.ஏ.எச்." என்றால் வயிற்றைத் திறந்து கர்ப்பப்பையை எடுத்தது, "டி.எல்.எச்." என்றால் அதையே லேப்ராஸ்கோபியில் செய்தது. "யு.எஸ்.ஓ." என்றால் ஒரு பக்கம் மட்டும். ஒரு சினைப்பை மிச்சம் இருந்தாலும் ஹார்மோன் பெரும்பாலும் தொடர்ந்து சுரக்கும். இந்த வழிகாட்டியில் பாதி உங்களுக்குத் தேவைப்படாது.

இதை முதல் படியாக வைத்ததற்குக் காரணம் உண்டு. நம் ஊரில் "கர்ப்பப்பை ஆபரேஷன்" என்ற ஒரே பெயருக்குள் எல்லாம் அடங்கிவிடுகிறது. அதிக உதிரப்போக்கு, நார்க்கட்டி என்று 40 வயதில் போனவரிடம் "அதுவும் இருந்து என்ன பண்ணப் போவுது, பின்னாடி கேன்சர் வந்துட்டா?" என்று சினைப்பைகளையும் சேர்த்து எடுத்துவிடுவது இன்னும் நடக்கிறது. குடும்பத்தில் பரம்பரைப் புற்றுநோய் ஆபத்து இல்லாத, மாதவிடாய் நிற்காத பெண்ணுக்கு நல்ல சினைப்பைகளை விட்டுவைப்பதுதான் இன்றைய மருத்துவ வழக்கம். "சும்மா எடுத்துடலாம்" என்ற பேச்சு எனக்குக் கோபத்தைத்தான் வரவழைக்கிறது. எடுத்தது எந்தக் காரணத்துக்காக இருந்தாலும் பின்விளைவு ஒன்றுதான். ஆகவே அப்படி எடுத்துக்கொண்டவர்களுக்கும் இந்த வழிகாட்டி பொருந்தும்.

தடுப்பு ஆபரேஷன் என்று சரியாகச் சொல்லப்படுவது வேறு. பரம்பரைப் புற்றுநோயோடு தொடர்புள்ள பி.ஆர்.சி.ஏ.1 என்ற மரபணுவில் கோளாறு உள்ள பெண்ணுக்கு வாழ்நாளில் சினைப்பைப் புற்றுநோய் வரும் வாய்ப்பு 39 முதல் 58 சதவீதம் வரை, பி.ஆர்.சி.ஏ.2 என்றால் 13 முதல் 29 சதவீதம். சாதாரணமாக இது ஒரு சதவீதத்தைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். இந்தப் புற்றுநோயை ஆரம்பத்திலேயே பிடிக்க நம்பகமான பரிசோதனை கிடையாது. ஸ்கேனும் சி.ஏ.125 ரத்தப் பரிசோதனையும் உயிரைக் காப்பாற்றுவதாகப் பெரிய ஆய்வுகளில் நிரூபணம் ஆகவில்லை. அதனால்தான் குழந்தைப்பேறு முடிந்த பிறகு, பி.ஆர்.சி.ஏ.1 உள்ளவர்களுக்கு 35-லிருந்து 40 வயதுக்குள்ளும், பி.ஆர்.சி.ஏ.2 உள்ளவர்களுக்கு 40-லிருந்து 45 வயதுக்குள்ளும் எடுத்துவிடச் சொல்கிறார்கள். புற்றுநோய் ஆபத்து ஏறத்தாழ 80 சதவீதம் குறைகிறது. லிஞ்ச் என்ற இன்னொரு பரம்பரைக் கோளாறில் கர்ப்பப்பையையும் சேர்த்து எடுப்பார்கள்.

இந்தியப் பெண்களுக்கு இயல்பாக மாதவிடாய் நிற்பது சராசரியாக 46, 47 வயதில். 37 வயதில் எடுத்தால் பத்து ஆண்டு முன்கூட்டியே நிற்கிறது. உங்கள் வயதை இந்தக் கணக்கில் வைத்துப் பாருங்கள். பின்னால் ஹார்மோன் பற்றி முடிவெடுக்க உதவும்.

படி 2: ஆபரேஷனுக்கு முன்பே மனதுக்கும் ஒரு திட்டம் போடுங்கள்

ரத்தம், ஈ.சி.ஜி., மயக்க மருந்து டாக்டரின் சம்மதம் என்று ஆபரேஷனுக்கு முன் பத்துப் பரிசோதனை நடக்கும். மனதை மட்டும் யாரும் பரிசோதிப்பதில்லை. முன்பு மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிட்டிருந்தால், பிரசவத்துக்குப் பிறகு மாதக்கணக்கில் அழுதிருந்தால், மாதவிலக்குக்கு முந்தைய வாரம் ஒவ்வொரு மாதமும் ஆளே மாறிப்போகிற அளவுக்குக் கோபமும் துக்கமும் வந்திருந்தால், இதை டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள். முன்பு மனச்சோர்வு வந்தவர்களுக்கு இப்போதும் வரும் வாய்ப்பு அதிகம். ஏற்கெனவே மாத்திரையில் இருப்பவர்கள் ஆபரேஷனுக்காக அதைத் தாமாக நிறுத்தவே கூடாது.

மகப்பேறு மருத்துவரிடமோ புற்றுநோய் மருத்துவரிடமோ போகும்போது கீழே உள்ளதை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். அங்கே போனதும் மறந்துவிடும்.

எனக்கு ஹார்மோன் சிகிச்சை எடுக்கலாமா? எடுக்கலாம் என்றால் எப்போது ஆரம்பிப்பது, யார் எழுதித் தருவார்? கர்ப்பப்பையை வைத்திருக்கப் போகிறீர்களா, எடுக்கப் போகிறீர்களா? பயாப்ஸி ரிப்போர்ட் எத்தனை நாளில் வரும், யார் கூப்பிட்டுச் சொல்வார்கள்? ராத்திரி தாங்க முடியாவிட்டால் யாரைக் கூப்பிடுவது?

இந்த முதல் கேள்விக்கு "அதெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம்" என்று பதில் வந்தால் விடாதீர்கள். இந்த ஆபரேஷன் செய்துகொண்டவர்களில் பெரும்பாலோர் பின்னாளில் அதற்காக வருந்துவதில்லை என்று ஆய்வுகள் சொல்கின்றன. ஆனால் "இப்படியெல்லாம் ஆகும் என்று யாரும் முன்னாடியே சொல்லவில்லையே" என்ற ஆதங்கம் பலருக்கு இருக்கிறது.

இன்னொரு வழி இருப்பதையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். சினைப்பைப் புற்றுநோய் என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி உண்மையில் கருக்குழாயின் நுனியில் தொடங்குகிறது. ஆகவே முதலில் குழாய்களை மட்டும் எடுத்துவிட்டுச் சினைப்பைகளைச் சில ஆண்டு கழித்து எடுப்பது பாதுகாப்பானதா என்று நெதர்லாந்து, பிரிட்டன், அமெரிக்கா ஆகிய நாடுகளில் ஆய்வுகள் நடக்கின்றன. குழாய்களை மட்டும் எடுத்தவர்களுக்கு மாதவிடாய் நிறுத்தத் தொல்லைகள் குறைவு என்பது 2021-ல் வெளியான நெதர்லாந்து ஆய்விலேயே தெரிந்துவிட்டது. புற்றுநோயிலிருந்து அதே அளவு காப்பு கிடைக்குமா என்பதற்கு ஆண்டுக்கணக்கில் பொறுத்திருந்து பார்க்க வேண்டும். இதை உங்கள் டாக்டரிடம் கேட்பதில் தப்பில்லை, நீங்களாக முடிவெடுக்காதீர்கள்.

தேதி குறிப்பதிலும் ஒரு யோசனை. அம்மாவோ அக்காவோ இறந்த கையோடு இந்த ஆபரேஷனுக்கு ஓடுபவர்கள் நிறைய. வயதும் ரிப்போர்ட்டும் இடம் கொடுத்தால் சில மாதம் தள்ளிப்போடலாமா என்று கேளுங்கள். துக்கத்தின் உச்சத்தில் ஹார்மோன் சரிவும் வந்து சேர்ந்தால், பிறகு எது எதனால் என்று பிரிப்பது பெரும்பாடு.

படி 3: முதல் ஆறு வாரத்தில் என்ன எதிர்பார்க்கலாம்

இயல்பாக மாதவிடாய் நிற்கும்போது சில ஆண்டுகள் ஹார்மோன் ஏறி இறங்கி மெல்லக் குறைகிறது. ஆபரேஷனில் ஓரிரு நாளிலேயே ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் அடிமட்டத்துக்குப் போய்விடும். படியில் இறங்குவதற்கும் மொட்டைமாடியிலிருந்து குதிப்பதற்கும் உள்ள வித்தியாசம் இது. "எங்களுக்கெல்லாம் நிக்கலையா, நாங்க என்ன ஆஸ்பத்திரிக்கா ஓடினோம்?" என்று மாமியார் கேட்டால் இதைத்தான் சொல்ல வேண்டும். ஈஸ்ட்ரோஜன் கர்ப்பப்பைக்கு மட்டும் வேலை செய்வதில்லை. மூளையில் மனநிலையையும் தூக்கத்தையும் உடல் சூட்டையும் கவனிக்கும் இடங்களும் அதை எதிர்பார்த்தே பழகியவை. பெண் உடலில் இருக்கும் டெஸ்டோஸ்டிரோனிலும் ஏறக்குறைய பாதி சினைப்பைகளோடு போய்விடும்.

முதல் வாரத்திலேயே முகமும் கழுத்தும் திகுதிகுவென்று சூடேறி வியர்ப்பது ஆரம்பிக்கலாம். இதைத்தான் இங்கே வேக்கு என்று சொல்கிறேன். படபடப்பு வரலாம், மாரடைப்போ என்று பயந்து அவசர சிகிச்சைக்கு ஓடுபவர்கள் உண்டு. எரிச்சல், மறதி, சொல்ல வந்த வார்த்தை நாக்கில் நின்றுகொண்டு வராமல் போவது எல்லாம் சகஜம். ஏற்கெனவே மாதவிடாய் நின்ற பிறகு ஆபரேஷன் செய்தவர்களுக்கு இது வெகுவாகக் குறைவாகவே இருக்கும்.

இந்த நாட்களின் தனிக் கஷ்டம் பயாப்ஸிக்காகக் காத்திருப்பது. தடுப்புக்காக எடுத்த சினைப்பை, குழாய்களை மிக மெல்லிய துண்டுகளாக்கி முழுவதும் பரிசோதிப்பார்கள். சில சதவீதப் பெண்களிடம் கண்ணுக்குத் தெரியாத ஆரம்பப் புற்றுநோய் அதில் தட்டுப்படுவது உண்டு. ஆகவே காத்திருக்கும்போது பயம் வருவது நியாயம். அந்த நாட்களில் இணையத்தில் தேடுவதை வீட்டில் வேறு யாரிடமாவது ஒப்படைத்துவிடுங்கள்.

முதல் சில வாரத்து அழுகையை வைத்து எந்த முடிவுக்கும் வரவேண்டாம். வலி, மயக்க மருந்தின் அசதி, மலச்சிக்கல் எல்லாம் சேர்ந்து யாரையும் அழவைக்கும். அதற்குப் பிறகும் இரண்டு வாரம் தொடர்ந்து, பெரும்பாலான நாட்களில், எதிலும் ஆசையில்லாமல் மனம் கனத்தே கிடந்தால் அடுத்த படிக்குப் போங்கள்.

படி 4: இரண்டு வார நோட்டு

இந்த வழிகாட்டியில் ஒன்றே ஒன்றைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். ஒரு பழைய டைரியோ பிள்ளையின் மிச்ச நோட்டோ போதும். எழுத வேண்டியது இந்த மாதிரி:

"செவ்வாய். 2.10-க்கு விழிப்பு, நைட்டி நனைஞ்சிருச்சு. மறுபடி தூங்க நாலு மணி. காலையில எரிச்சல், மத்தியானம் அழுகை. சாயந்திரம் பரவால்ல."

"புதன். நல்ல தூக்கம். வேக்கு ரெண்டு தடவை, அடுப்புகிட்ட. மனசு லேசு."

"வியாழன். தூக்கம் ஓகே. சித்தி போன் பண்ணி அம்மாவைப் பத்திப் பேசினாங்க. அப்புறம் நாள் முழுக்க நெஞ்சு அடைச்ச மாதிரி. சாப்பிடல."

இந்த மூன்று நாளிலேயே கதை தெரிகிறது. செவ்வாய்க்கிழமை அழுகை கெட்ட தூக்கத்தின் மீது வந்தது. அந்தத் தூக்கத்தைக் கெடுத்தது ராத்திரி வியர்வை. வியாழக்கிழமை பாரத்துக்கும் ஹார்மோனுக்கும் அவ்வளவு சம்பந்தமில்லை, அது துக்கம். வியர்வை வந்த நாட்களிலேயே மனமும் கெடுகிறது என்றால் முதலில் வியர்வைக்கு வைத்தியம். நன்றாகத் தூங்கிய நாளிலும் மனம் இருண்டே கிடக்கிறது என்றால் அது தனியான மனச்சோர்வாக இருக்கலாம். மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். ரிப்போர்ட், செக்கப், யாரோ ஒருவரின் சாவுச் செய்தி ஆகியவற்றைச் சுற்றியே கெடுகிறது என்றால் பேசித் தீர்க்க வேண்டிய பயம்.

இதோடு மனச்சோர்வை அளக்கும் பி.எச்.க்யூ.9 என்ற ஒன்பது கேள்விப் படிவத்தையும் நிரப்புங்கள். தமிழிலும் இருக்கிறது. மொத்த மதிப்பெண் 27. 10 அல்லது அதற்கு மேல் வந்தால் டாக்டரிடம் பேச வேண்டும். ஆபரேஷனுக்கு முன்பே ஒருமுறை நிரப்பி வைத்திருந்தால் ஒப்பிட்டுப் பார்க்க வசதி. ஒன்பதாவது கேள்வி உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் பற்றியது. அதற்கு "இல்லவே இல்லை" தவிர வேறு எந்தப் பதில் சொன்னாலும், மொத்தம் எவ்வளவு வந்தாலும் சரி, அன்றே ஒருவரிடம் சொல்லுங்கள்.

கூடவே தைராய்டு, ஹீமோகுளோபின், பி12, வைட்டமின் டி பார்த்துவிடுங்கள். இவற்றில் எது குறைந்தாலும் மனச்சோர்வு போலவே வேஷம் கட்டும்.

படி 5: ஹார்மோன் சிகிச்சை

மார்பகப் புற்றுநோய் வராதவர், ரத்தக்கட்டு, கடுமையான கல்லீரல் நோய் போன்ற தடைகள் இல்லாதவர், வயது 45-க்குள் என்றால் இயல்பாக மாதவிடாய் நிற்கும் வயது வரை, அந்த வழிகாட்டுதல்களின் கணக்கில் ஏறத்தாழ 50 வரை, ஈஸ்ட்ரோஜன் கொடுப்பதையே பல நாட்டு மருத்துவ வழிகாட்டுதல்களும் பரிந்துரைக்கின்றன. இல்லாமல் போனதைத் திருப்பிக் கொடுப்பது, அவ்வளவுதான். பி.ஆர்.சி.ஏ. கோளாறு இருந்தும் மார்பகப் புற்றுநோய் வராத பெண்கள் ஆபரேஷனுக்குப் பிறகு சில ஆண்டு ஹார்மோன் எடுத்ததால் மார்பகப் புற்றுநோய் கூடியதாக இதுவரை செய்த ஆய்வுகளில் தெரியவில்லை.

பிறகு ஏன் இவ்வளவு பயம்? 2002-ல் அமெரிக்காவில் வெளியான ஒரு பெரிய ஆய்வு, ஹார்மோன் சிகிச்சை மார்பகப் புற்றுநோயையும் பக்கவாதத்தையும் கூட்டுவதாகச் சொன்னது. உலகம் முழுக்கப் பெண்கள் மாத்திரையைத் தூக்கி எறிந்தார்கள். அந்த ஆய்வில் இருந்தவர்களின் சராசரி வயது 63. 38 வயதில் சினைப்பை இழந்தவருக்கு அந்தக் கணக்கை அப்படியே போடக் கூடாது. ஆனால் அந்தப் பயம் இன்னும் மருந்துக் கடைக்காரர் வரை இருக்கிறது; "இதெல்லாம் ஏம்மா சாப்பிடறீங்க?" என்று சீட்டைப் பார்த்துவிட்டு அவர் கேட்டால் பதறவேண்டாம்.

கர்ப்பப்பை இருக்கிறதா இல்லையா என்பதைப் பொறுத்து மருந்து மாறும். எடுத்துவிட்டால் ஈஸ்ட்ரோஜன் மட்டும் போதும். இருந்தால், அதன் உட்சுவர் தடிக்காமல் இருக்க புரோஜெஸ்ட்ரோனும் சேர்க்க வேண்டும். ஹாலிவுட் நடிகை ஏஞ்சலினா ஜோலி பி.ஆர்.சி.ஏ.1 காரணமாக 2015-ல், 39 வயதில் சினைப்பைகளை எடுத்துக்கொண்டதைப் பத்திரிகையில் எழுதினார். அவர் கர்ப்பப்பையை வைத்துக்கொண்டார். அதனால் தோலில் ஒட்டும் ஈஸ்ட்ரோஜன் பேட்ச், கர்ப்பப்பைக்குள் புரோஜெஸ்ட்ரோன் சுரக்கும் சாதனம் இரண்டும் அவருக்குத் தேவைப்பட்டன.

மாத்திரையைவிட ஜெல்லிலும் பேட்ச்சிலும் ரத்தக்கட்டு ஆபத்து குறைவு. ஜெல்லைக் கையிலோ தொடையிலோ தடவிக் காயவிட வேண்டும். மார்பில் தடவக் கூடாது. தடவிய இடத்தில் சிறு குழந்தையைச் சற்று நேரம் ஒட்டிப் படுக்கவைக்காதீர்கள். வேக்கு சில வாரத்தில் அடங்கும். முழுப் பலன் தெரிய மூன்று மாதம் பிடிக்கும். இளம் வயதினருக்கு வழக்கமான அளவு போதாமல் இருக்கலாம். "பலன் இல்லை" என்று நிறுத்துவதற்கு முன் அளவைக் கூட்டலாமா என்று கேளுங்கள். ஹார்மோன் எடுத்தாலும் எல்லாம் பழையபடி ஆகிவிடாது, குறிப்பாகத் தாம்பத்திய விஷயத்தில். வேர்விட்ட மனச்சோர்வுக்கும் இது மட்டும் போதாது.

படி 6: ஹார்மோன் எடுக்கக் கூடாதவர்களுக்கு

மார்பகப் புற்றுநோய் வந்தவர்களுக்கு, அதிலும் ஹார்மோனால் வளரும் வகை என்றால், பொதுவாக ஹார்மோன் சிகிச்சையைத் தவிர்ப்பார்கள். அதற்காகக் கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டியதில்லை. வென்லாஃபாக்சின், எஸ்சிட்டலோப்ராம் போன்ற மனச்சோர்வு மருந்துகள் குறைந்த அளவிலேயே வேக்கைக் குறைக்கும், மனதையும் தாங்கும். ராத்திரி வியர்வைதான் பெரிய தொல்லை என்றால் கபாபென்டின் உதவலாம்.

இங்கே கட்டாயம் கவனிக்க வேண்டிய ஒன்று. மார்பகப் புற்றுநோய்க்கான டமாக்சிஃபென் மாத்திரை சாப்பிடுபவர்கள் பராக்செட்டின், ஃபுளுவோக்செட்டின் இரண்டையும் தவிர்க்க வேண்டும். டமாக்சிஃபென் கல்லீரலில் மாறிய பிறகுதான் வேலை செய்யும். அந்த மாற்றத்தை இந்த இரண்டும் தடுக்கின்றன. மனநல மருத்துவருக்குப் புற்றுநோய் மருந்துச் சீட்டையும், புற்றுநோய் மருத்துவருக்கு மனநல மருந்துச் சீட்டையும் காட்டுங்கள். இருவரும் பேசிக்கொண்டிருப்பார்கள் என்று நம்பி இருக்காதீர்கள். "ஹெர்பல்தானே" என்று நீங்களாக வாங்கும் மாத்திரைகளுக்கும் இதே எச்சரிக்கை.

மருந்தில்லாத வழிகளில் நல்ல ஆதாரம் உள்ளது அறிவாற்றல் நடத்தை சிகிச்சை, அதாவது சி.பி.டி. மார்பகப் புற்றுநோய் சிகிச்சை முடித்த பெண்களிடம் லண்டனில் செய்த ஆய்வு 2012-ல் வெளியானது. சில வாரக் குழுப் பயிற்சியிலேயே வேக்கு தரும் தொல்லை வெகுவாகக் குறைந்தது. வேக்கு வரும் அந்த நொடியில் "ஐயோ, எல்லாரும் பாக்கிறாங்க, என்னால முடியாது" என்று மனம் ஓடுவதைப் பிடித்து நிறுத்தப் பழக்குவதுதான் இதன் சாரம்.

படி 7: தூக்கம்

பருத்தி நைட்டி, தலையணைக்குப் பக்கத்தில் மாற்று உடை, மின்விசிறி, மதியத்துக்குப் பிறகு காபி இல்லை. இதெல்லாம் தெரிந்ததுதான். தெரியாதது இது: விழித்தபடி படுக்கையில் புரண்டுகொண்டே இருந்தால் படுக்கையே விழிப்புக்குப் பழகிவிடும். தூக்கம் வரவில்லை என்றால் எழுந்து வேறிடத்தில் உட்கார்ந்து, கண் சொருகும்போது திரும்பிப் போங்கள். ராத்திரி எப்படிப் போனாலும் காலையில் ஒரே நேரத்துக்கு எழுந்திருங்கள். தூக்க மாத்திரையைத் தொடர்ந்து மாதக்கணக்கில் எடுப்பதைவிட இந்தப் பயிற்சி நீண்ட நாள் கைகொடுக்கும்.

படி 8: தாம்பத்தியம்

டாக்டரும் கேட்பதில்லை, நாமும் சொல்வதில்லை. ஈஸ்ட்ரோஜன் இல்லாமல் பிறப்புறுப்பின் தோல் மெலிந்து வறண்டுபோகும், உறவு வலிக்கும். வலிக்கும் என்று தெரிந்தால் மனம் முன்கூட்டியே விலகும். விலகுவதைக் கணவர் "என்னைப் பிடிக்கலை" என்று எடுத்துக்கொள்வார். இருவரும் பேசாமல் ஆளுக்கொரு மூலையில் காயப்பட்டுக் கிடப்பார்கள். மனச்சோர்வு என்று ஆலோசகரிடம் வருகிற சில சிக்கல்கள் உண்மையில் இங்கேதான் தொடங்குகின்றன.

வலிக்குத் தீர்வு சுலபம். பிறப்புறுப்புக்கான ஈரப்பதக் கிரீம்களை வாரம் இரண்டு மூன்று முறை தடவலாம். உறவின்போது தண்ணீர்த்தன்மை உள்ள வழுக்கு ஜெல். அது போதவில்லை என்றால் உள்ளே வைக்கும் குறைந்த அளவு ஈஸ்ட்ரோஜன். அது ரத்தத்தில் கலப்பது மிகக் குறைவு. ஆனாலும் மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள் தங்கள் டாக்டரைக் கேட்டே எடுக்க வேண்டும். ஆசை குறைவது வேறு விஷயம். அதில் ஹார்மோன், களைப்பு, உடலின் மேல் வரும் வெறுப்பு, மருந்தின் பக்கவிளைவு எல்லாம் கலந்திருக்கும். மனச்சோர்வு மருந்துகளில் சில ஆசையைக் குறைக்கும். அப்படித் தோன்றினால் மாத்திரையை நிறுத்தாமல், மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள்.

கணவரிடம் பேச ஒரு வாக்கியம் போதும்: "உங்க மேல ஆசை இல்லாம இல்ல, வலிக்குது, அதான் பயமா இருக்கு."

படி 9: இழப்பு, குற்ற உணர்வு, மகள்

"நோயே வரலை, இதுல என்ன துக்கம்?" என்று உங்களுக்கே தோன்றலாம். இரண்டு பிள்ளை போதும் என்று முடிவெடுத்தவரும், இனி முடியவே முடியாது என்று ஆகும்போது அழுகிறார். கல்யாணம் ஆகாதவர், குழந்தைக்காகக் காத்திருந்தவர் நிலை இன்னும் கடினம். ஆபரேஷனுக்கு முன் கருமுட்டையை உறையவைக்க வழியுண்டு. அந்தப் பேச்சையே யாரும் எடுக்காமல் போயிருந்தால் அந்தக் கோபத்துக்கும் இடம் கொடுங்கள். அம்மாவுக்குக் கிடைக்காத வாய்ப்பு தனக்குக் கிடைத்ததே என்ற குற்ற உணர்வும் உண்டு. அக்காவுக்கு மரபணுக் கோளாறு இருந்து தனக்கு இல்லை என்று ரிப்போர்ட் வந்த தங்கை நிம்மதியாக இருப்பார் என்று நினைப்பீர்கள். பல வீடுகளில் அவர்தான் அதிகம் தவிக்கிறார்.

ஒரு நல்ல செய்தியும் இருக்கிறது. ஆபரேஷனுக்குப் பிறகு "எனக்கும் வந்துடுமோ" என்ற நித்திய பயம் தெளிவாகக் குறைகிறது என்பது ஆய்வுக்கு ஆய்வு திரும்பத் திரும்பத் தெரிய வருகிறது. குறையாமல், வயிறு சற்று உப்பினாலே ஸ்கேனுக்கு ஓடவைத்தால், அந்தப் பயத்துக்கே தனியாக ஆலோசனை தேவை.

பிறகு பிள்ளைகள். மரபணுக் கோளாறு ஒவ்வொரு பிள்ளைக்கும் போக 50 சதவீத வாய்ப்பு. மகனுக்கும் அதே வாய்ப்புதான். 18 வயதுக்கு முன் பரிசோதிப்பதில்லை. அதற்குள் செய்வதற்கு ஒன்றும் இல்லாததால், 12 வயது மகளை ராத்திரி பார்த்துப் பார்த்துக் கலங்குவதில் பயனில்லை. அவள் கேட்டால் வயதுக்குத் தகுந்தபடி உண்மையைச் சொல்லுங்கள். ஒளித்துவைத்தால் அவள் கற்பனை செய்துகொள்வது இன்னும் பயங்கரமாக இருக்கும்.

நம் வீடுகளில் இதற்கு அடுத்து வரும் கேள்வி எப்போதும் வரன் பற்றியது. "மாப்பிள்ளை வீட்டுக்குச் சொல்லணுமா?" என் கருத்து இது: பரிசோதனை செய்வதா, எப்போது செய்வது, யாரிடம் சொல்வது எல்லாமே வளர்ந்த மகளின் முடிவு. அம்மா ஊருக்குச் சொல்லிவிடவும் கூடாது, மகளிடமிருந்தே மறைக்கவும் கூடாது. கட்டிக்கொள்ளப் போகிறவரிடம் மகளே சொல்வது நல்லது. மரபணு ஆலோசகரிடம் மகளை ஒருமுறை அழைத்துப் போனால் பாதிப் பாரம் குறையும். பெரிய புற்றுநோய் மருத்துவமனைகளில் இந்த ஆலோசனை கிடைக்கிறது, வேலூர் சி.எம்.சி. போன்ற இடங்களில் மரபணு மருத்துவத்துக்குத் தனித் துறையே இருக்கிறது.

படி 10: வீட்டாருக்கு

ஆறுதல் சொல்லத் தேவையில்லை. ராத்திரி எழுந்தால் ஃபேனைக் கூட்டிவிடுங்கள், காலை அடுப்பை ஒருவர் எடுத்துக்கொள்ளுங்கள், அடுத்த டாக்டர் அப்பாயின்ட்மென்ட்டுக்குக் கூடப் போங்கள். "கொஞ்சம் யோகா பண்ணேன்" என்று சொல்லிவிட்டு நகர்வது உதவி ஆகாது.

படி 11: காத்திருக்கக் கூடாத அறிகுறிகள்

சாவு நல்லது என்ற எண்ணம், பிள்ளைகளுக்கு நான் பாரம் என்ற எண்ணம், நாட்கணக்கில் சாப்பிடாமல் குளிக்காமல் இருப்பது, யாரோ பேசுவது போலக் கேட்பது, இவற்றில் எது வந்தாலும் அன்றே உதவி. இந்தியாவில் மத்திய அரசின் டெலிமானஸ் என்ற மனநல உதவி எண் 14416. 2022 முதல் இயங்குகிறது, 24 மணி நேரமும், தமிழில் பேசலாம். தமிழ்நாட்டில் 104-ஐயும் கூப்பிடலாம். மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு. இலங்கையில் மனநல உதவி எண் 1926.

படி 12: ஆண்டுக்கு ஒருமுறை

ரத்த அழுத்தம், கொழுப்பு, சர்க்கரை, கூடவே பி.எச்.க்யூ.9. எலும்பு அடர்த்திக்கான டெக்சா ஸ்கேனை டாக்டர் சொல்லும் இடைவெளியில் எடுங்கள். முன்கூட்டியே ஈஸ்ட்ரோஜனை இழந்தவர்களுக்கு எலும்புத் தேய்மானமும் இதய நோயும் சீக்கிரம் வரலாம். அமெரிக்காவின் மினசோட்டாவில் மேயோ கிளினிக் ஆய்வாளர்கள் நீண்ட காலம் பின்தொடர்ந்ததில், இயல்பாக மாதவிடாய் நிற்பதற்கு முன் சினைப்பைகளை எடுத்தவர்களுக்குப் பிற்காலத்தில் மனச்சோர்வு, பதற்றம், நினைவுத்திறன் குறைவு ஆகியவை அதிகம் இருந்தன. 50 வயது வரை ஈஸ்ட்ரோஜன் எடுத்தவர்களிடம் நினைவுத்திறன் பாதிப்பு அப்படிக் கூடவில்லை. ஆகவே மறதி வரும்போதெல்லாம் பயப்பட வேண்டாம். ஹார்மோனை யாரோ சொன்னார்கள் என்று பாதியில் நிறுத்தவும் வேண்டாம்.

50 வயதை நெருங்கும்போது ஹார்மோனை எப்படிக் குறைப்பது என்று டாக்டரோடு உட்கார்ந்து முடிவு செய்யுங்கள். நிறுத்தும் மாதங்களில் வேக்கும் மனத் தடுமாற்றமும் மறுபடி எட்டிப் பார்க்கலாம். அப்போது அந்த இரண்டு வார நோட்டை இன்னொரு முறை எழுதுங்கள்.